மனசு மட்டுமா சோர்கிறது?

"உடம்பு வளையல, அதான் மூலையில முடங்கிக் கெடக்கான்." மனச்சோர்வில் விழுந்தவனைப் பார்த்து ஊர் இப்படித்தான் பேசுகிறது. அவன் சேரியில் பிறந்தவன் என்றால் சோம்பேறி என்கிற பட்டமும் சேர்ந்துகொள்ளும். கல்லூரி விடுதியில் ஒரு தலித் பிள்ளை செத்துப்போனாலோ பேச்சே வேறு. "மன அழுத்தம் இருந்துச்சாம், பாவம்" என்று கோப்பை மூடிவிடுவார்கள். அந்த அழுத்தம் எங்கிருந்து வந்தது என்று கேட்க நாதியில்லை. இரண்டு பேச்சும் சொல்வது ஒன்றுதான்: நோய் அவர்கள் மனசுக்குள்ளேயே முளைத்தது, வெளியில் யாருக்கும் அதில் பங்கில்லை.

அப்படியா?

காய்ச்சலில் படுத்தவரைக் கவனியுங்கள். சோறு இறங்காது. யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காது. இதைக் கிருமி மட்டும் செய்வதில்லை. கிருமியோடு மல்லுக்கட்டும் வெள்ளையணுக்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களை வெளிவிடுகின்றன. அவை ரத்தத்தின் வழியாகவும் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் சேதி சொல்கின்றன. மூளைக்குள் காவல் நிற்கும் மைக்ரோக்ளியா அணுக்கள் உசுப்பப்படுகின்றன. ஒதுங்கிக் கிட என்று உடம்பு போடும் உத்தரவு அது. நாலு நாளில் அடங்கினால் நல்லது. அடங்காமல் வருசக்கணக்கில் கனன்றுகொண்டே இருந்தால்? அந்தக் கனலைத்தான் நாள்பட்ட அழற்சி என்கிறது மருத்துவம்.

ஹெபடைடிஸ்-சி என்கிற ஈரல் நோய்க்கு முன்பு இண்டர்ஃபெரான் ஊசி போட்டார்கள். அதுவும் ஒரு சைட்டோகைன்தான். போட்டுக்கொண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் கடும் மனச்சோர்வில் விழுந்தார். அவர்களெல்லாம் கோழைகளா?

அழற்சியைக் கிருமி மட்டும் மூட்டுவதில்லை, ஓயாத நெருக்கடியும் மூட்டும். அதை அடக்கக் கார்டிசால் என்கிற சுரப்பு இருக்கிறது. நெருக்கடி நாள்பட்டால் வெள்ளையணுக்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை. நியூசிலாந்தின் டனேடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். சின்ன வயதில் கொடுமைப்படுத்தப்பட்டவர்களின் ரத்தத்தில், 32 வயதிலும் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்ததாக 2007இல் எழுதினார்கள். அமெரிக்காவில் முதிய கறுப்பின மக்களிடம் நடந்த ஆய்வு 2010இல் வந்தது. அன்றாடம் அவமதிக்கப்படுவதாக அதிகம் சொன்னவர்களிடம் சி.ஆர்.பி.யும் அதிகம்.

நிறவெறிக் கணக்கைச் சாதிக்கு அப்படியே பெயர்த்து எழுத முடியாது. தொடர்பு தெரிந்ததாலேயே காரணம் இதுதான் என்று தீர்ப்பும் எழுத முடியாது. ஆனால் அவமானம் தோலோடு நின்றுவிடுகிறது என்று இனி எவனும் சாதிக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மனச்சோர்வு எல்லாமே அழற்சியல்ல. நான்கில் ஒருவரிடம்தான் அது தெளிவாகத் தெரிகிறது. மூட்டுவாத மருந்தான இன்ஃப்ளிக்ஸிமாபை அட்லாண்டாவில் 60 பேருக்குச் சோதித்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தத்தில் பார்த்தால் வெற்று மருந்தைவிட அது மேலில்லை. அழற்சி மிகுந்திருந்தவர்களுக்கு மட்டுமே பலன் தெரிந்தது. ஆகவே யாரும் வலி மாத்திரையைத் தேடி ஓட வேண்டாம். சாப்பிடும் மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம்.

தோழர்களே, நம் வீட்டில் யாராவது பேச்சற்று முடங்கினால் கோடாங்கியிடம் ஓடாதீர்கள், "தைரியமா இரு" என்று கடந்தும் போகாதீர்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசு எண்ணுக்குப் பேசுங்கள், காசில்லை. மருந்தும் ஆறுதலும் நம் உரிமை.

கூடவே கேட்போம். "மன அழுத்தம்" என்று எழுதி ஒரு சாவை முடித்துவைக்கிற ஒவ்வொரு விசாரணையிலும், அந்தப் பிள்ளையை யார், எத்தனை நாள், என்னவெல்லாம் சொல்லி வதைத்தார்கள் என்று எழுதியே ஆக வேண்டும். கனலை மருத்துவர் தணிக்கட்டும். மூட்டியவனை யார் விசாரிப்பது?