சராசரி மாற்ற வீதம்: புள்ளிகளுக்கு இடையில் என்ன நடந்தது?

மாணவர்களே, வரைபின் இரு புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் படித்திறனே சராசரி மாற்ற வீதம். ஆனால் விடை கண்டதும் வரைபை மறந்துவிடுவது தவறென்பதே எமது கருத்து.

குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை (இன்றைய கிளிநொச்சி நீங்கலாக) 1981 இல் ஏறத்தாழ 738,000. 2012 இல் ஏறத்தாழ 583,000. நிலைக்குத்து மாற்றம் −155,000. கிடை மாற்றம் 31. வகுத்தால் ஆண்டுக்கு −5,000. கழிக்கும் வரிசையை ஓரிடத்தில் மட்டும் மாற்றினால் குறி மாறிவிடும். குறைந்த ஊர் கூடிய ஊராகிவிடும்!

கணிப்புச் சரி. ஆயினும் ஆண்டுதோறும் ஐயாயிரம் பேர் குறைந்தனர் என எழுதினால் அது பொய். 1995 ஒக்ரோபர் இறுதியில் கொக்குவில் உட்பட வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் பின்னர் வன்னிக்கும் இடம்பெயர்ந்தனர். 1996 இல் பலர் திரும்பினர். வலிகாமத்துக்கு மட்டும் வரைபு வரைந்தால் வளையி அவ்விடத்தில் செங்குத்தாக வீழ்ந்து எழும். நேர்கோட்டுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரு முனைகள் மட்டுமே. 1991 இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001 இல் யாழ்ப்பாணத்தில் முழுமையாக நடைபெறவில்லை. இடையில் புள்ளி இல்லாததற்குக் காரணம் அதுவே.

ஆகவே விடையில் ‘சராசரியாக’ என்ற சொல்லைத் தவறாது எழுதுங்கள்.