கட்டாயம் எந்தப் பக்கம்?

"கட்டாய மதமாற்றம்" என்ற கூச்சல் ஓய்ந்தபாடில்லை. ஏழைக்கு ஆசை காட்டி மதம் மாற்றுகிறார்களாம். ஏழையைக் காப்பாற்றச் சட்டம் வேண்டுமாம். ஊரை விட்டுக் கூலிக்கு வந்த நாம்தானே அந்த ஏழைகள்? நம்மைக் காப்பாற்ற வரும் சட்டத்தை நாமே பார்த்துவிடுவோம்.

1967இல் ஒரிசாவிலும் 1968இல் மத்தியப் பிரதேசத்திலும் இத்தகைய சட்டங்கள் வந்தன. இரண்டும் செல்லும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரிசா சட்டம் பலாத்காரத்துக்குத் தரும் விளக்கத்தைக் கேளுங்கள்: தெய்வ கோபம் வரும் என்று பயமுறுத்துவதும், சமூகத்தை விட்டு ஒதுக்குவோம் என்று மிரட்டுவதும் பலாத்காரமே! நல்ல விளக்கம். ஆனால், நம் பாட்டன் பூட்டனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியது எது? சாமி குத்தம், ஊர்விலக்கு என்ற இதே இரண்டு மிரட்டல்கள்தாமே! வேறு மதத்துக்கு வா என்று மிரட்டினால் இந்தச் சட்டப்படி சிறை. இருக்கிற மதத்திலேயே அடங்கிக் கிட என்று மிரட்டினால் அதற்குப் பெயர் சம்பிரதாயமா?

உத்தரப் பிரதேசத்தின் 2021ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போகிறது. மதம் மாற விரும்புகிறவர் 60 நாள் முன்னதாக மாவட்ட அதிகாரியிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். விட்டு வந்த மதத்துக்கே திரும்பினாலோ அது மதமாற்றமே அல்லவாம்! போகிறவனுக்குக் காவல், திரும்புகிறவனுக்குக் கம்பளம்.

1981 பிப்ரவரியில் திருநெல்வேலி மாவட்டம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. வளைகுடாப் பணம் என்று டில்லி வரை அலறினார்கள். அந்த மக்கள் சொன்ன காரணமோ சாதிக் கொடுமை. பணம் வாங்கினாயா என்று கேட்க ஓடி வந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக ஏன் அவமானப்படுத்தினாய் என்று மறுபக்கத்தைக் கேட்டார்களா?

பெரிய கட்டாயம் வேறெங்கோ இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, பஞ்சாபின் சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும் வழி திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 14இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கரோடு பௌத்தம் ஏற்ற லட்சக்கணக்கான மக்கள் மத்திய அரசின் பட்டியலில் இடம்பெற 1990 வரை, 34 ஆண்டுகள், காத்துக் கிடந்தார்கள். கிறிஸ்தவராகவும் முஸ்லிமாகவும் மாறிய தாழ்த்தப்பட்டோர் இன்றும் வெளியேதான். பாதிரியார் தரும் ஒரு மூட்டை அரிசி 'ஆசை காட்டுதல்' என்றால், மதம் மாறினால் பட்டியல் சாதி உரிமை பறிபோகும் என்பது அச்சுறுத்தல் அல்லவா?

பாதிரிக்கும் முல்லாவுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. சாதிக்கொரு கல்லறை வைத்த தேவாலயங்களை நம் ஊரிலேயே அறிவோம். கோயில் வரி கொடுக்காதவனோடு பேசாதே என்று நம் குடியிருப்பில் எந்தக் கமிட்டி சொன்னாலும் அதுவும் கட்டாயமே.

பிறந்த குழந்தையைக் கேட்டு யாரும் மதம் கொடுப்பதில்லை. ஆகவே, நுழையும்போது சுதந்திரம் இருந்ததா என்று தேடிப் பயனில்லை. வெளியேறும் கதவு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். எதையும் இழக்காமல் வெளியேறலாம் என்ற நிலையில், அப்படியும் ஒருவன் உள்ளே இருந்து கும்பிடுகிறான் என்றால், அதுதான் பக்தி. மற்றதெல்லாம் பயம்.

1950ஆம் ஆண்டு ஆணையின் மத நிபந்தனையை நீக்கு! கதவைத் திற! பிறகு பேசுவோம், கட்டாயத்தைப் பற்றி.