உளுந்து 12 என்றால் எத்தனை கிலோ?



தண்டையார்பேட்டையில் எங்கள் மளிகைக் கடையில் நடந்த ஒரு சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பில் போடும் சாஃப்ட்வேரோடு ஏஐ உதவியாள் ஒன்றையும் இணைத்துக் கொடுத்தார்கள். இனி பட்டனைத் தேட வேண்டாம், வாயால் கேட்டால் போதும் என்றார்கள். நான் ஒரு வாரம் ஊரில் இல்லாமல் திரும்பி வந்த அன்று, "உளுந்து இருப்பு எவ்வளவு?" என்று கேட்டேன். "12 கிலோ இருக்கிறது, இன்றே கொள்முதல் செய்வது நல்லது" என்றது. உடனே கொத்தவால்சாவடிக்குப் போன் போட்டு பத்து மூட்டை சொல்லிவிட்டேன். லோடு வந்து இறங்கும்போதுதான் குடோனில் ஏற்கெனவே 12 மூட்டை அடுக்கியிருப்பது தெரிந்தது. முந்தின வாரம் என் மகன் வாங்கிப் போட்டது. முடங்கிய பணம் ஒரு பக்கம். உளுந்தில் வண்டு விழுமே என்ற கவலை மறுபக்கம்.

ஏஐ பொய் சொல்லவில்லை. சாஃப்ட்வேர் அதனிடம் "12" என்ற எண்ணை மட்டும் கொடுத்தது. அது மூட்டையா, கிலோவா என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. அது கிலோ என்று எடுத்துக்கொண்டது.

இதன் சூட்சுமத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இருப்பு பார்ப்பது, பில் போடுவது, பாக்கி எடுப்பது என்று சாஃப்ட்வேர் செய்யும் ஒவ்வொரு வேலையும் ஏஐ-க்கு ஒரு 'டூல்'. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டு இன்று பலரும் பின்பற்றும் எம்.சி.பி. என்ற இணைப்பு முறையில், ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவை இருக்கும். எந்த டூலை எடுப்பது என்று ஏஐ முடிவு செய்வது இவற்றைப் படித்துத்தான். புதிதாக வந்த பையன் சந்தேகம் வந்தால் கல்லாவில் இருக்கும் நம் முகத்தைப் பார்ப்பான். இதற்கு அந்த எழுத்துதான் முதலாளியின் முகம்.

நம் தொழிலில் எழுதி வைக்க வேண்டியவை கொஞ்சமா? 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்ததும், 26 கிலோ மூட்டைகள் கடைக்கு வந்து இறங்கியதை நாம் பார்த்தோம். ஆக 'ஒரு மூட்டை அரிசி' என்று ஏஐ பில் போட்டால் எடையும் மாறும், வரியும் மாறும். 4/5 என்ற தேதி மே 4-ஆ, ஏப்ரல் 5-ஆ? "இருப்பைத் திருத்து" என்றால் பழைய எண்ணோடு கூட்டுமா, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுமா? இந்தக் கடைசிக் கேள்விக்கு விளக்கம் இல்லாவிட்டால் ஒரே இரவில் வருடக் கணக்கே தலைகீழாகிவிடும்.

மொத்த வியாபாரிகள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்ட் முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம். அதை 24 மணி நேரத்துக்குள்தான் ரத்து செய்ய முடியும். பிறகு கிரெடிட் நோட்டுதான். 'பில் ரத்து' என்ற டூலின் விளக்கத்தில் இந்த ஒரு வரி இல்லையென்றால், மூன்றாம் நாள் ஏஐ நம் கணக்கில் மட்டும் பில்லை அடித்துவிட்டு, "முடிந்தது" என்று சொல்லக்கூடும். அரசாங்கத்தின் கணக்கில் அந்த பில் அப்படியே நிற்கும்.

பெரிய நிறுவனங்கள் இதில் உஷாராக இருக்கின்றன. பங்கு வர்த்தகத்தில் உள்ள செரோதா 2025-இல் ஏஐ-க்கு வழி திறந்தபோது, தான் நடத்தும் பொதுச் சேவையில் ஆர்டர் போடும் டூல்களை விலக்கி வைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் சாட்ஜிபிடி வழியாகவே யு.பி.ஐ.யில் பணம் கட்டிப் பொருள் வாங்கும் சோதனை அறிவிக்கப்பட்டது. அதில் முதலில் இடம் பிடித்த கடைகளில் ஒன்று பிக்பாஸ்கெட். நாளை வாடிக்கையாளரின் ஏஐ நம் கடையிலும் விலை கேட்டு வரும். அன்றைக்கு நம் சரக்குப் பட்டியலில் "து.பருப்பு ஸ்பெ." என்று மொட்டையாக இருந்தால் அது அடுத்த கடைக்குப் போய்விடும். இது நாம் செய்ய வேண்டிய வேலை. சாஃப்ட்வேர்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் டூல் விளக்கம் அவர்கள் பொறுப்பு. அழகான திரையைக் காட்டி விற்கிறார்கள். விளக்கம் கேட்டால் "ஏஐ-யே புரிந்துகொள்ளும் சார்" என்கிறார்கள். ஆண்டுப் பராமரிப்புப் பணம் கட்டும் முன், டூல் விளக்கங்களை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். எது பார்க்க மட்டும், எது கணக்கை மாற்றும், என்ன அளவு, தவறு நேர்ந்தால் திரும்பப் பெற வழி உண்டா என்பதெல்லாம் நமக்குப் புரியும்படி அதில் இருக்க வேண்டும். நம் கணக்குப்பிள்ளைக்குப் புரியாத விளக்கம் ஏஐ-க்கும் குழப்பந்தான். தனித்தனியாகக் கேட்டால் மதிக்க மாட்டார்கள். நம் சங்கமே ஒரு கடிதம் எழுதி, உறுப்பினர்கள் வாங்கும் எல்லா சாஃப்ட்வேர் நிறுவனங்களுக்கும் அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை என் கடையில் அந்த உதவியாள் இருப்பைப் பார்த்துச் சொல்லலாம். எதையும் மாற்ற அனுமதி இல்லை.