சுட்டினால் காட்ட வேண்டுமா?

இங்கிலாந்து, வேல்ஸ் உரிமையியல் நடைமுறை விதி 31.14, நிபுணர் அறிக்கையில் குறிப்பிடப்படும் ஆவணத்தைப் பார்வையிடக் கோரி எதிர்தரப்பு விண்ணப்பிக்க வழிவிடுகிறது. காயம்பட்டவர் தம் வழக்கறிஞரிடம் தந்த வாக்குமூலத்தை மருத்துவர் ஒரு வரியில் சுட்டினாலே, இரகசியச் சிறப்புரிமை போய், அது எதிர்தரப்பின் கைக்குச் சென்றுவிடுமா? சென்றுவிடாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம், பார்க்கிங் (Barking) பகுதி மருத்துவமனை அறக்கட்டளை எதிர்வாதியாக நின்ற 2003ஆம் ஆண்டு வழக்கில். நிபுணருக்கு அனுப்பப்படும் ஆவணங்களும் அவருக்கான அறிவுறுத்தலின் பகுதியே. அறிவுறுத்தலுக்குச் சிறப்புரிமை இல்லை என்றுதான் விதி 35.10(4) தொடங்குகிறது, ஆனால் அறிக்கை தரும் அதன் சாரம் பிழையானது அல்லது குறைபட்டது என்று கருத நியாயமான காரணம் இருந்தாலொழிய, வெளியிட உத்தரவிடக் கூடாது என்றும் கட்டுப்படுத்துகிறது. சரியான தீர்ப்பே. சாரத்தை எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் விதிதான். எழுதியதற்காகவே கட்சிக்காரரைத் தண்டிப்பது முறையல்ல. நிபுணரை மாற்ற விரும்புவோர் கதை வேறு: 2011இல் வெதர்ஸ்பூன் வழக்கில், முதல் நிபுணரின் அறிக்கையைக் காட்டினால்தான் புதியவருக்கு அனுமதி என்று அதே நீதிமன்றம் நிபந்தனை விதித்தது.