நெகிழிப் பையில் வைக்க என்ன இருக்கிறது?

ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி பிறக்கும் முன்பே அந்த அறிவிப்பு வந்துவிடுகிறது. டார்ச் லைட், தீப்பெட்டி, மூன்று நாளைக்கான உணவு, குடிநீர், மருந்து எல்லாம் தயாராக வையுங்கள். பட்டா, குடும்ப அட்டை, சான்றிதழ்களை நீர் புகாத நெகிழிப் பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். மழை வலுத்தால் பாதுகாப்பான கட்டடத்துக்குப் போய்விடுங்கள். இந்த அறிவுரைகளில் எதுவும் தவறில்லை. ஆனால் இவற்றை எழுதியவரின் மனதில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குப் பட்டா இருக்கிறது, வாசலில் சாலை இருக்கிறது, கூப்பிடு தூரத்தில் கான்கிரீட் கட்டடம் இருக்கிறது. பச்சைமலைக்கு வந்து அந்த வீட்டைத் தேடிப் பாருங்கள்.

துறையூரிலிருந்து சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறும் மலைப்பாதையில் பலமுறை போயிருக்கிறேன். திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டங்களில் பரந்து கிடக்கும் மலை இது. திருச்சிப் பக்கம் வண்ணாடு, கோம்பை, தென்புறநாடு என்று நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். (கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையில் வாழ்வதால் வந்த பெயர். இந்தப் பெயர்க் குழப்பத்தை வெளியூர் அதிகாரிகளுக்கு விளக்கியே இவர்களில் ஒரு தலைமுறை ஓய்ந்திருக்கும்.) திருச்சி நகரத்து இளைஞர்களுக்கு இது அருவி பார்க்கும் இடம், பைக் ஓட்டும் இடம். மேலே இருப்பவர்களுக்கு அதே பாதைதான் ரேஷன், மருத்துவமனை, கல்லூரி, மரவள்ளி விற்ற காசு எல்லாம் வந்து சேர வேண்டிய ஒரே வழி.

வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று நடந்தது போன்ற பேரழிவுதான் நம் கண்ணில் படுகிறது. பச்சைமலையில் ஆபத்து சில்லறையாக வருகிறது. இரண்டு நாள் விடாத மழையில் பாதையில் சாயும் ஒரு மரம், இரவோடு இரவாகப் பெருகும் காட்டாறு, கிழங்குக் காட்டில் நிற்கும்போது இறங்கும் இடி, கோடையில் வற்றும் சுனை, பாம்பு. ஒவ்வொன்றும் ஒரு வீட்டை, ஓர் உயிரை, ஒரு மாட்டைக் கொண்டுபோகிறது. மொத்தமாகச் சாகாததால் இதற்குப் பேரிடர் என்ற பெயர்கூடக் கிடைப்பதில்லை.

இடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களில் இறந்தவர்கள் 8,060 பேர். அதில் 2,887 பேர் மின்னல் தாக்கி இறந்தவர்கள். வெள்ளம், புயல், நிலச்சரிவு எதுவும் தனியாக இந்த அளவு உயிரைக் குடிக்கவில்லை. மின்னல் யாரைத் தேடிப் போகிறது? மழை வரும்போதும் வயலில் நிற்க வேண்டியவரை, ஆடு மாட்டை விட்டுவிட்டு ஓட முடியாதவரை. இடி கேட்டதும் உள்ளே போய்விடு, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து வெளியே வா என்பது உயிர் காக்கும் விதி, சந்தேகமில்லை. ஆனால் எதற்குள் போவது? தனியாக நிற்கும் கூரைக் கொட்டகையும் தகரக் கொட்டகையும் மின்னலிலிருந்து காப்பாற்றாது. மரத்தடி அதைவிட மோசம். பல குக்கிராமங்களில் உருப்படியான கான்கிரீட் கட்டடம் என்றால் பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோதான். கோடை இடி பெரும்பாலும் மாலையில் வருகிறது. அந்த நேரத்தில் இரண்டும் பூட்டியிருக்கும். சாவி மலையை விட்டு இறங்கிப் போயிருக்கும்.

வீட்டுக் கையிருப்புக்கு வருவோம். மூன்று நாள் உணவு எடுத்துவை என்று மலைக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சாமையும் வரகும் கேழ்வரகும் விளைந்த காலத்தில் அடுத்த அறுவடை வரை வீட்டில் தானியம் இருந்தது. உமியோடு வைத்தால் சிறுதானியம் ஆண்டுக்கணக்கில் கெடாது. இப்போது சரிவெல்லாம் மரவள்ளி. அது ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இறங்குகிறது, பதிலுக்கு ரேஷன் அரிசி ஏறுகிறது. மரவள்ளி போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டக் காசுப் பயிர்தான் வேண்டும். ஆனால் கிழங்கு பிடுங்கும்போது சரிவின் மண் கிளறிவிடப்படுகிறது, அடுத்த மழையில் அது கரைந்து ஓடுகிறது. வீட்டில் இருந்த தானியமும் காட்டில் இருந்த மண்ணும் சேர்ந்து குறைந்தால் மூன்று நாள் பாதை அடைபடுவதுகூடப் பெரிய விஷயமாகிவிடும். விளைந்ததில் இரண்டு மூட்டை சாமையை விற்காமல் வைத்துக்கொள்வதுதான் இந்த மலைக்குப் பொருந்துகிற முன்னேற்பாடு.

இனி அந்த நெகிழிப் பை. ஒன்றிய அரசு 2022–26 காலத்துக்கு வகுத்த பேரிடர் நிவாரண விதிப்படி, முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000 ரூபாய். மலைக்குப் பத்தாயிரம் கூடுதல், நல்லது. ஆனால் அதே விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. இடிந்த வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் என்று உரிய அதிகாரி சான்று தர வேண்டும். குடிசை என்று வகைப்படுத்திவிட்டால் தொகை 8,000 ரூபாய். ஒரு சொல் மாறினால் ஒரு லட்சத்துக்கு மேல் போய்விடுகிறது. வனத்துறை நிலம் என்று பதிவான இடத்தில் தலைமுறைகளாக இருந்தும் பட்டா இல்லாத குடும்பம் எந்தச் சான்றைக் காட்டும்? மழை வருவதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் நிவாரணத்தை இழந்துவிட்டார்கள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வன நிலத்தில் குடியிருந்தோ பயிரிட்டோ வரும் பழங்குடிக் குடும்பத்துக்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. உரிமைகோரலை முதலில் பெற்று விசாரிப்பது கிராம சபை. ஆனால் தமிழ்நாட்டில் 2008இல் உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது முடங்கியது. 2016இல் உச்சநீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. அதே சட்டத்தின் 3(2) பிரிவு இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. சாலை, பள்ளி, மருந்தகம், ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சமுதாயக்கூடம் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தை, கிராம சபை பரிந்துரைத்தால், ஒதுக்கலாம். ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். ‘வனத்துறை அனுமதி கிடைக்கவில்லை’ என்ற பதிலோடு எந்தக் கோரிக்கை திரும்பி வந்தாலும் இந்தப் பிரிவை எடுத்து வையுங்கள்.

சாலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் நடந்ததே போதும். பாம்பு கடித்த பழங்குடிக் குழந்தையை நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை. இறந்த பிள்ளையின் உடலைத் தாய் கையில் சுமந்து மலையேறினார். பாம்புக்கடிக்கு வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான்: கடிபட்டவரை அசையவிடாமல் வைப்பது, கட்டுப்போட்டு இறுக்காமலும் கீறாமலும் இருப்பது, உடனே கிளம்புவது. கிளம்பிய பிறகு எல்லாம் பாதையின் கையில்தான்.

முன்னெச்சரிக்கை கொடுத்தும் பயனில்லாமல் போன கதையும் நம்மிடம் இருக்கிறது. இலங்கையின் பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தை அருகே மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லயன்களை மூடியது. அங்கே ஆபத்து இருக்கிறது என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005லும் 2011லும் எச்சரித்திருந்தது. ஆனால் நூறாண்டுகளுக்கு மேல் மலையில் உழைத்த மக்களுக்குப் போய்க் குடியேற அந்த மலையில் ஒரு துண்டு நிலமும் சொந்தமில்லை. மூணாறு பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து போன தலித் குடும்பங்கள். செய்தி வெளியே வரவே மறுநாள் காலையானது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அதிகாலை மழையில் விழுந்து 17 தலித்துகளைக் கொன்றதை ‘கனமழை விபத்து’ என்றார்கள். விழுந்தது மழையல்ல, தலித் குடியிருப்புக்கு எதிரே எழுப்பிய சுவர். மழை எல்லார் மேலும்தான் பெய்தது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இன் 61ஆம் பிரிவு, நிவாரணத்தில் சாதி, பால், சமூகம், வம்சாவளி, மத அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது. சுனாமி நிவாரணத்தில் நாகப்பட்டினத்து தலித்துகள் ஒதுக்கப்பட்டதை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆவணப்படுத்தியதும் அதே 2005இல்தான். பிரிவு இருக்கிறது. ஆனால் அது நிவாரணம் வழங்கும்போது மட்டும் பேசுகிறது. பட்டா, சாலை, கட்டடம் என்று அதற்கு முன்பே நடந்துவிட்ட பாகுபாட்டைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. மலையாளிகள் ஏன் போராடி வாங்கவில்லை என்று கேட்பவர்கள் வாச்சாத்தியை நினைத்துக்கொள்ளட்டும். 1992இல் அந்த மலையாளிக் கிராமத்துக்குள் புகுந்த வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் செய்ததற்குத் தண்டனை கிடைக்கவே 2011 ஆனது. சான்று கேட்டுப் போக வேண்டியது அதே துறைகளின் வாசலுக்குத்தான்.

திருச்சியிலும் துறையூரிலும் படிக்கும் தோழர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மழை முடிந்தபின் போர்வையோடும் பிஸ்கட்டோடும் மலை ஏறுவதைக் குறை சொல்லவில்லை. அதற்கு முன்பு, செப்டம்பரில் ஒருமுறை ஏறுங்கள். மண்ணில் புதிதாக விரிசல், சாயத் தொடங்கிய மரம், திடீரென்று கலங்கும் ஊற்று என்று சரிவின் அறிகுறிகளை அங்குள்ள பெண்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வீடு எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று பட்டியல் எடுங்கள். வீட்டைக் கதவு, சுவர், கூரை தெரியப் படம் பிடித்துத் தேதியோடு வைத்துக் கொடுங்கள், இடிந்தபின் அது குடிசை என்று எழுதப்படாமல் வாதாட உதவும். அக்டோபர் 2 அன்று கிராம சபை கூடும். வன உரிமைக் கோரிக்கைகளின் நிலை என்ன, 3(2) பிரிவில் எந்தப் பாதைக்குப் பரிந்துரை அனுப்புகிறோம், பள்ளிக்கூடத்தின் இரண்டாவது சாவி ஊருக்குள் யாரிடம் இருக்கும் என்ற மூன்றையும் தீர்மானமாக எழுத வைக்க முடியும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். மற்ற இரண்டுக்கும் ஆண்டுகள் ஆகலாம், சாவி வாங்க அந்தப் பதினெட்டு நாள் போதும்.