ஜிஎஸ்டி குறைஞ்சாச்சு... அலுமினிய கிராவல் பைக்கில் எதைப் பார்த்து வாங்கணும், எதை அப்புறம் மாத்திக்கலாம்?

2025 செப்டம்பர் 22-ம் தேதி முதல் சைக்கிள்களுக்கும் அவற்றின் உதிரிபாகங்களுக்குமான ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கும் வீட்டில் இது சில நூறு ரூபாய் விஷயம். ஆனால் ஒரு லட்சம் ரூபாய் பக்கம் பட்ஜெட் போட்டு முதல் 'சீரியஸ்' சைக்கிள் தேடும் இளைஞர்களுக்கு இது நல்ல தொகை. வரிக்கு முந்தைய விலை 1,00,000 ரூபாய் என்றால், முன்பு பில் 1,12,000 ரூபாய். இப்போது 1,05,000 ரூபாய். மிச்சம் 7,000 ரூபாய்.

இந்தப் பட்ஜெட்டில் அதிகம் விசாரிக்கப்படும் வகைகளில் ஒன்று, அலுமினிய ஃப்ரேம் கொண்ட கிராவல் பைக். குழப்பமும் இங்கேதான் அதிகம். ஸ்பெக் ஷீட்டைப் பார்த்து ஒன்றை வாங்குவது, ஆறு மாதத்தில் வீலை மாற்றுவது, அடுத்து பிரேக்கை மாற்றுவது, கடைசியில் மொத்தக் கணக்கைப் பார்த்தால் அதைவிட நல்ல பைக்கையே முதலில் வாங்கியிருக்கலாம் என்று புலம்புவது... இது பலருக்கும் நடக்கிறது. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது.

கிராவல் பைக் என்றால் என்ன?

ரோட் பைக் போல வளைந்த ஹேண்டில்பார்; எம்டிபி அளவுக்கு இல்லாவிட்டாலும் அகலமான டயர்; டிஸ்க் பிரேக்; சற்று நீளமான வீல்பேஸ். தார் ரோட்டிலும் வேகம் போகும், மண் பாதையிலும் ஆடாமல் போகும். அமெரிக்காவின் கான்சஸ் மாகாணத்தில் சரளைக்கல் சாலைகளில் 2006-ல் தொடங்கிய 200 மைல் பந்தயம் (இன்றைய பெயர் அன்பவுண்ட் கிராவல்) இந்த வகையைப் பிரபலமாக்கியது. ஷிமானோ நிறுவனம் 2019-ல் இதற்கென்றே ஜிஆர்எக்ஸ் என்ற கியர் தொகுப்பைக் கொண்டுவந்தது. 2022-ல் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் இத்தாலியில் முதல் கிராவல் உலக சாம்பியன்ஷிப்பை நடத்தியது.

நம்ம ஊருக்கும் கான்சஸ் சரளைச் சாலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மழைக்குப் பின் பள்ளமாகிப்போன புறநகர் சாலை, பாதி தோண்டி மூடிய கேபிள் குழி, ஸ்பீடு பிரேக்கர், ஏரிக்கரை மண் பாதை, வயல் நடுவே போகும் ஜல்லி ரோடு: இவை எல்லாமே 40 மி.மீ. டயருக்கான இடங்கள்தான். 25 மி.மீ. டயர் ரோட் பைக்கில் இதே பாதையில் போனால் கையும் முதுகும் பதில் சொல்லும்.

வரி குறைந்தும் விலை ஏன் இன்னும் அதிகம்?

இந்த வகையில் இங்கே கிடைக்கும் மாடல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டு பிராண்டுகள். ட்ரெக் செக்பாயின்ட் ஏஎல்ஆர், ஜெயன்ட் ரிவோல்ட், கேனன்டேல் டாப்ஸ்டோன், ஸ்பெஷலைஸ்டு டைவெர்ஜ், மெரிடா சைலெக்ஸ், ஸ்காட் ஸ்பீட்ஸ்டர் கிராவல் எல்லாமே அலுமினிய ஃப்ரேமில் வருபவை. சைக்கிள் இறக்குமதிக்கான அடிப்படைச் சுங்க வரி 2023 பட்ஜெட்டில் 30 சதவீதத்தில் இருந்து 35 சதவீதமாக உயர்த்தப்பட்டது. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிப்பது அதன் நோக்கம். ஜிஎஸ்டி குறைப்பு அந்த வரியைத் தொடவில்லை. டாலருக்கு எதிரான ரூபாய் மதிப்பு, கப்பல் கட்டணம், டீலர் லாபம் எல்லாம் தனி.

இந்தியாவில் சைக்கிள் தொழில் இல்லாமல் இல்லை. லூதியானாவும், 1949-ல் அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸும் தலைமுறைகளாகச் சைக்கிள் செய்கின்றன. ஆனால் பெரிய சந்தை சாதாரண சைக்கிள்களுக்குத்தான். கிராவல் பைக்குக்கான ஷிஃப்டர், ஹைட்ராலிக் பிரேக், நல்ல ஃபோர்க் போன்றவை பெரும்பாலும் வெளியே இருந்துதான் வருகின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி குறைந்திருக்கிறது. அதனால் 'இப்போ அடிப்படை மாடல் வாங்கிட்டு மெதுவா அப்கிரேட் பண்ணிக்கலாம்' என்ற யோசனை முன்பைவிட ஈர்க்கிறது. அது பாதி சரி. எதை அப்கிரேட் செய்ய முடியும், எதை முடியாது என்று தெரிந்தால் முழுதும் சரி.

வாங்கும் முன் ஃப்ரேமில் என்ன பார்க்கணும்?

பாகங்களை மாற்றலாம், ஃப்ரேமை மாற்றினால் அது வேறு பைக். எனவே பட்ஜெட் பைக்கில் முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணிக்கையை அல்ல, ஃப்ரேமையும் ஃபோர்க்கையும்.

* சைஸ்: ஆஃபர் இருக்கிறது என்பதற்காக ஒரு சைஸ் பெரிதாகவோ சிறிதாகவோ வாங்கினால், எந்த அப்கிரேடும் அதைச் சரிசெய்யாது. ஸ்டெம்மை மாற்றி ஒன்றிரண்டு செ.மீ. சரிக்கட்டலாம், அவ்வளவுதான். கடையில் ஏறி உட்கார்ந்து ஓட்டிப் பார்ப்பது கட்டாயம்.
* டயர் இடைவெளி: ஃப்ரேமும் ஃபோர்க்கும் அதிகபட்சம் எத்தனை மி.மீ. டயரை ஏற்கும் என்று கேட்க வேண்டும். 40 மி.மீ.க்குக் குறைவு என்றால் அது கிராவல் பெயரில் வரும் ரோட் பைக். 45 என்றால் தாராளம்.
* ஆக்சில்: முன்னும் பின்னும் 12 மி.மீ. த்ரூ ஆக்சில் இருப்பது நல்லது. இன்றைய டிஸ்க் பிரேக் வீல்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குத்தான் வருகின்றன. பழைய குயிக் ரிலீஸ் ஃப்ரேம் வாங்கினால் பிற்காலத்தில் நல்ல வீல் தேடுவது கஷ்டம்.
* ஃபோர்க்: அலுமினிய ஃப்ரேமுடன் கார்பன் ஃபோர்க் என்பது இந்த விலையில் நல்ல கூட்டணி. முன்பக்க அதிர்வும் எடையும் குறையும்.
* பாட்டம் பிராக்கெட்: பெடல் அச்சு உட்காரும் இந்த இடம் மரை போட்டதாக இருந்தால் எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றி மாட்டலாம். அழுத்திப் பொருத்தும் வகை சில நேரம் கிரீச் சத்தம் போட்டுப் படுத்தும்.
* மவுன்ட்கள்: மட்கார்டு, கேரியர், மூன்று பாட்டில் மாட்டத் துளைகள் உள்ளனவா? ஆபீஸுக்கும் ஓட்டுவதாக இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

அலுமினியம் 'மட்டம்' இல்லையா?

இல்லை. 6061 போன்ற அலாய் குழாய்களில் செய்த இன்றைய ஃப்ரேம்கள் விறைப்பானவை, விலை குறைந்தவை, பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றும்போது சின்ன இடிகளைக் கார்பனைவிடத் தைரியமாகத் தாங்குபவை. 'அலுமினியம் உடம்பை உலுக்கும்' என்ற பழைய குற்றச்சாட்டு, 23 மி.மீ. டயரில் 100 பிஎஸ்ஐ காற்றடித்து ஓட்டிய காலத்தில் வந்தது. 40 மி.மீ. டயரில் 70 கிலோ எடையுள்ளவர் 35 பிஎஸ்ஐ பக்கம் காற்று வைத்து ஓட்டினால், அதிர்வில் பெரும்பகுதியை டயரே வாங்கிக்கொள்ளும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, அலுமினியத்துக்கு உலோகச் சோர்வு உண்டு. ஒவ்வொரு அதிர்வும் அதன் கணக்கில் சேரும். வெல்டிங் ஓரங்களில் மயிரிழை விரிசல் தெரிகிறதா என்று கழுவும்போது பார்ப்பது நல்லது. விரிசல் வந்தால் பக்கத்து வெல்டிங் பட்டறையில் ஒட்டிக்கொள்ள முடியாது. வெல்டிங் சூட்டில் அலாயின் வலிமை போய்விடும், மறுபடி வெப்பப் பதப்படுத்தல் வேண்டும். இரண்டாவது, கடலோர ஊர்கள். அலுமினியம் இரும்பு மாதிரி துருப்பிடிக்காது. ஆனால் உப்புக்காற்றில் இரும்பு போல்ட்களும் சீட்போஸ்ட்டும் ஃப்ரேமோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஓரிரு முறை கழற்றி கிரீஸ் தடவினால் போதும்.

கியர் எத்தனை இருந்தால் போதும்?

கேட்க வேண்டிய கேள்வி எத்தனை கியர் என்பதல்ல, மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதே. முன்பல் எண்ணிக்கையைப் பின்பல் எண்ணிக்கையால் வகுத்தால் விடை கிடைக்கும்.

முன்னே 34, பின்னே 28 பல் கொண்ட ரோட் பைக்கின் விகிதம் 1.21. முன்னே 30, பின்னே 34 என்று வரும் கிராவல் அமைப்பில் 0.88. நிமிடத்துக்கு 60 முறை பெடல் சுற்றினால் முதலாவதில் மணிக்குச் சுமார் 9.6 கி.மீ. வேகம் போயே ஆக வேண்டும். இரண்டாவதில் 7 கி.மீ. போனால் போதும். 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலையில் ஏறும்போது, அந்த இரண்டரை கி.மீ. வித்தியாசம்தான் ஓட்டுவதா, இறங்கித் தள்ளுவதா என்று தீர்மானிக்கும்.

8 ஸ்பீடு கிளாரிஸ், 9 ஸ்பீடு சோரா போன்ற தொடக்க நிலைத் தொகுப்புகளும் உழைப்பாளிகள்தான். அவற்றின் செயினும் கேசட்டும் விலை குறைவு, கிடைப்பதும் சுலபம். 10 ஸ்பீடு ஜிஆர்எக்ஸ் கிடைத்தால் ஒரு படி மேலே. ஷிமானோ 2025-ல் வளைந்த ஹேண்டில்பாருக்கும் கொண்டுவந்த கியூஸ் வரிசை, நீண்ட உழைப்பைக் குறிவைத்தது. ஆனால் பழைய தொகுப்புகளின் பாகங்களை அதனுடன் இஷ்டத்துக்குக் கலக்க முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

பிரேக்கில் சமரசம் செய்யலாமா?

இங்கேதான் காசும் உயிரும் சந்திக்கின்றன. விலை குறைந்த மாடல்களில் கேபிளில் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் வரும். கொஞ்சம் விலை கூடினால் ஹைட்ராலிக். சமதளத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏற்காட்டிலோ வால்பாறையிலோ மழையில் இறங்கும்போது தெரியும். ஹைட்ராலிக்கில் இரண்டு விரலால் பிடித்தால் போதும், பேட் தேயத் தேயத் தானே சரிசெய்துகொள்ளும். மெக்கானிக்கலில் கை வலிக்கும், பேட் தேய்மானத்தை நாமே பார்த்துத் திருகணும்.

'அப்புறம் மாத்திக்கலாம்' என்று விடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பாரில் பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே பாகம். மெக்கானிக்கலில் இருந்து முழு ஹைட்ராலிக்குக்குப் போனால் ஷிஃப்டரையும் சேர்த்து மாற்ற வேண்டும்; இந்த பைக்கில் அதுதான் விலை உயர்ந்த பாகங்களில் ஒன்று. எனவே மலைப்பாதை ஓட்டுவது உறுதி என்றால், கூடுதல் பணத்தை முதலிலேயே ஹைட்ராலிக் மாடலுக்குக் கொடுப்பது மலிவு.

மெக்கானிக்கல்தான் கட்டுப்படியாகும் என்றாலும் வழி உண்டு. அழுத்தத்தில் சுருங்காத நல்ல கேபிள் அவுட்டர், தரமான பேட், இரண்டு பக்கமும் அழுத்தும் டூயல் பிஸ்டன் காலிப்பர் மூன்றும் பெரிய மாற்றம் தரும். பேட் வாங்கும் முன் டிஸ்க்கில் எழுதியிருப்பதைப் படிக்கணும்: சில விலை குறைந்த டிஸ்க்குகள் ரெசின் பேடுக்கு மட்டுமானவை. அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேயும்.

அப்கிரேட் எந்த வரிசையில்?

1. உடம்பு தொடும் இடங்கள்: சீட், ஹேண்டில்பார் டேப், பெடல், தேவைப்பட்டால் ஸ்டெம். குறைந்த செலவில் அதிக சுகம்.

2. டயர், டியூப்லெஸ்: அடிப்படை மாடல்களில் கனமான, கடினமான டயர் வரும். நல்ல டயர் மாட்டினால் பைக்கே மாறியதுபோல் இருக்கும். ரிம் டியூப்லெஸ்ஸுக்குத் தயாரானது என்றால் டேப், வால்வு, சீலன்ட் மட்டும் போதும். சீமைக்கருவேல முள் கிடக்கும் கிராமத்துச் சாலைகளில் இதன் அருமை தெரியும்: முள் குத்தினாலும் சீலன்ட் ஓட்டையை அடைத்துவிடும். நம்ம வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காய்வதால், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றணும்.

3. பிரேக் பேட், கேபிள்: மேலே சொன்னதுதான். மழைக்காலத்துக்கு முன் செய்துவிட வேண்டியது.

4. கேசட்: தேயும்போது மாற்றத்தான் போகிறோம், அப்போது ஒரு அளவு பெரியதாகப் போட்டால் ஏற்றம் சுலபமாகும். பின் டிரெய்லர் எத்தனை பல் வரை ஏற்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு வாங்கணும்.

5. வீல்: கடைசியில்தான். ஓட்டுபவர் 70 கிலோ, பைக் 11 கிலோ என்றால் மொத்தம் 81 கிலோ. பல்லாயிரம் செலவழித்து அரை கிலோ குறைத்தால் மொத்த எடையில் குறைவது 0.6 சதவீதம். அதே பணத்தில் பல டயர் செட் வாங்கலாம்.

முழு கியர் தொகுப்பை மாற்றுவது இந்தப் பட்டியலிலேயே இல்லை. அந்த நிலை வந்தால் பைக்கை விற்றுவிட்டு மேல் மாடல் வாங்குவதே பெரும்பாலும் லாபம்.

ஒரு லட்சம் ரூபாயை எப்படிப் பிரிக்கலாம்?

முழுத் தொகையையும் பைக்குக்கே கொடுத்துவிடக் கூடாது. 85,000 ரூபாய் வரை பைக். மீதியில் முதலில் ஹெல்மெட், முன்-பின் விளக்குகள், பூட்டு, பம்ப். அதன்பின் டயர் அல்லது டியூப்லெஸ் மாற்றம் என்று பிரித்தால் முதல் நாளிலிருந்தே பாதுகாப்பாகவும் சுகமாகவும் ஓட்டலாம். 200 கி.மீ. பிரெவே ஓட்டுவதற்கான நேர வரம்பு 13.5 மணி நேரம். சரியான சைஸும் நல்ல டயரும் கொண்ட அடிப்படை அலுமினிய கிராவல் பைக் அதற்குத் தாராளமாகப் போதும்.

வரிக் குறைப்பில் மிச்சமாகும் 7,000 ரூபாயை எங்கே போடுவது? அதிக கியர் கொண்ட மாடலைவிட, சரியான சைஸ் ஃப்ரேமுக்கும் நல்ல பிரேக்குக்கும் போடுவதே புத்திசாலித்தனம். மற்றதெல்லாம் தேயும், தேயும்போது மாற்றிக்கொள்ளலாம்.