பரணில் கிடக்கிறது ஊரின் கதை!

வீட்டு வரி கட்டுகிறீர்கள் அல்லவா? அதில் நூலக வரியும் சேர்ந்திருக்கிறது. வீட்டு வரி ஒரு ரூபாய் என்றால், அதற்கு மேல் 10 காசு நூல் நிலையத்துக்குப் போகிறது. ஓட்டு வீட்டுக்காரரும் கொடுக்கிறார். மாடி வீட்டுக்காரரும் கொடுக்கிறார்.

இது சென்னை மாகாணத்தில் 1948-ல் போட்ட சட்டத்தால் வந்த ஏற்பாடு. சுதந்திர இந்தியாவில் நூல் நிலையங்களுக்காகப் பிறந்த முதல் சட்டம் அதுதான். கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டு வந்தார். 1950-ல் அது அமலுக்கு வந்தபோது முதல் மந்திரி யார் தெரியுமா? நம் ராஜபாளையம் குமாரசாமி ராஜா! தம் சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த மனிதர்.

ஆகவே, நூல் நிலையம் யாரோ போடும் தர்மம் அல்ல. நம் காசு. ஆனால் அதன் வாசலை மிதிக்காதவர்கள் எத்தனை பேர்! குற்றம் ஜனங்கள் மேல் இல்லை என்பேன். தறியை விட்டு இறங்கி வருகிறவருக்கும், வயலில் இருந்து கரையேறி வருகிறவருக்கும் தோதான நேரத்தில் கதவு திறந்திருக்க வேண்டாமா?

மன்னார்குடிப் பக்கத்தில் 1931-லேயே இதற்கு வழி கண்டார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலக மேதை சீர்காழி ரங்கநாதன் அதற்குத் துணை நின்றார். மாட்டு வண்டியில் முடிந்தது, மோட்டார் வண்டி ஓடும் காலத்தில் முடியாதா?

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நூல் நிலையத்தில் இருந்து ஜனங்களுக்குப் புத்தகம் வந்தால் போதாது. ஜனங்களிடம் இருப்பது நூல் நிலையத்துக்கும் போக வேண்டும்.

காரைக்குடி அருகே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதுவது தொழில். பெரிய படிப்பாளி என்று பட்டம் வாங்கியவர் அல்ல. ஆனால் பழைய காகிதத்தைக் கண்டால் விட மாட்டார். புத்தகம் மட்டுமா? நாடக நோட்டீசு, பழைய பத்திரிகை, கல்யாணப் பத்திரிகை, எல்லாவற்றையும் சேர்த்தார். வீடு நிறைந்தது. பலர் சிரித்திருப்பார்கள். 1992-ல் அவர் காலமானார். அதன் பிறகு, கடல் கடந்த சிகாகோ பல்கலைக் கழகம் அந்தச் சேகரிப்பை விலை கொடுத்து வாங்கியது. அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போய்விடவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994-ல் ஆராய்ச்சி நூலகமாக ஆக்கினார்கள். கடலை மடிக்கப் போயிருக்க வேண்டிய காகிதம் இன்று சரித்திரம்!

இப்போது சுந்தரபாண்டியத்துக்கு வாருங்கள். வத்திராயிருப்புக்குப் பக்கத்து ஊர். பெயரிலேயே பாண்டியன் இருக்கிறான். இங்கே பரண்களை ஒழித்தால் என்னென்ன கிடைக்கும்? தாத்தாவின் கணக்கு நோட்டு, கிரயப் பத்திரம், பாட்டியின் கல்யாணப் போட்டோ, கூலி எழுதிய சீட்டு. "இதெல்லாம் குப்பை" என்று பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போடுகிறோம். அந்தக் காலத்தில் ஏட்டுச் சுவடிகளை ஆடிப் பெருக்கில் ஆற்றோடு விட்டார்களே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் மண்ணைத் தோண்டினார்கள். சங்கு வளையலும் பாசி மணியும் சுடுமண் பொம்மையும் கிடைத்தன. அவையும் ஒரு காலத்தில் யாரோ ஒரு வீட்டுச் சாமான்கள்தானே! கீழடியில் கிடைத்தவற்றுக்குக் கிடைத்த இடத்தின் அருகிலேயே 2023-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். அதுதான் சரி. ஊர்ச் சொத்தை ஊர்ப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும்.

ஆடிப் பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எவ்வளவு கூட்டம்! அந்தச் சமயத்தில் ஒரு பந்தல் போடட்டும். சுற்று வட்டாரத்துப் பழைய படங்களையும் பத்திரங்களையும் வைக்கட்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியும்படி பெரிய எழுத்தில் விவரம் எழுதட்டும். "இந்தப் படத்தில் இருப்பவர் யார்? தெரிந்தால் சொல்லுங்கள்" என்று கேட்கட்டும். பல்லுப் போன பாட்டி சொல்லும் பதில் எந்தப் புத்தகத்திலும் இருக்காது.

"கொடுத்தால் திரும்பி வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். பத்திரத்தை யாரும் இரவல் கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் வேண்டாம். நூல் நிலையத்துக்காரர் வீட்டுக்கு வரட்டும். உங்கள் கண் முன்னாலேயே படம் பிடிக்கட்டும். மூலத்தை அப்போதே உங்கள் கையில் கொடுத்துவிட்டு, எடுத்த படத்துக்கு ஒரு ரசீதும் எழுதித் தரட்டும்.